எங்கள் எம்.பி. எதிர்க்கட்சிக்காரர்; அவர் அவையில் பேசியதால் என்ன பலன்?

#1 வயலோரம்

வணக்கம் நண்பர்களே. ஏழெட்டு மாதமாக மனதில் கிடக்கும் விஷயம், இன்று எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஊரில் ஒரே ஒரு வங்கிக் கிளை இருந்தது. அரசு வங்கி. சுற்றுப்பட்டு ஒன்பது ஊருக்கும் அதுதான். வங்கிகளை ஒன்றோடொன்று இணைத்த பிறகு, டவுனில் ஏற்கெனவே கிளை இருக்கிறது என்று சொல்லி எங்கள் கிளையை அதோடு சேர்த்துவிட்டார்கள். டவுன் 11 கிலோமீட்டர். பஸ் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. முதியோர் உதவித்தொகை வாங்குகிற பாட்டிகள் காலைப் பஸ்ஸில் போய், பணத்தை எடுத்துவிட்டு, மாலைப் பஸ் வரும்வரை மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். நூறு நாள் வேலைக் கூலியும் அந்தக் கணக்கில்தான் ஏறுகிறது. கிளைக்குப் பதிலாக ஒரு முகவர் கைரேகை மிஷினோடு வருகிறார். களை பறித்தும் பாத்திரம் துலக்கியும் தேய்ந்துபோன விரல்களை அந்த மிஷின் எடுப்பதில்லை.

எங்கள் எம்.பி. எதிர்க்கட்சி. ஊரே சேர்ந்து மனு கொடுத்தோம். அவரும் மக்களவையில் நேரமில்லா நேரத்தில் பேசினார். எங்கள் ஊர் பெயரை அந்த அவையில் சொன்னார். அந்த வீடியோவை என் அம்மாவிடம் காட்டியபோது, இரண்டு தடவை திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தார்.

அதற்கப்புறம் ஒன்றும் நடக்கவில்லை. அமைச்சர் பதில் சொல்லவில்லை, வங்கி திரும்பிப் பார்க்கவில்லை. ஆளுங்கட்சி எம்.பி.யாக இருந்தால் நடந்திருக்கும் என்று டீக்கடையில் பேசிக்கொள்கிறார்கள். எதிர்க்கட்சி உறுப்பினர் தொகுதிக் குறையைப் பேசுவதால் உண்மையிலேயே பலன் உண்டா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 செம்மண்

சொல்லச் சங்கடமாக இருக்கிறது நண்பரே, ஆனால் டீக்கடையில் சொல்வது சரி. ஆளுங்கட்சி எம்.பி. அமைச்சர் அறைக்கு நடந்து போய்க் காரியத்தை முடித்துக்கொண்டு வருவார். எதிர்க்கட்சி எம்.பி. இரண்டு நிமிடம் பேசுவார், அது வீடியோவாகும், அடுத்த தேர்தலில் காட்டுவார். நம் வேதனை அவருக்கு ஒரு காட்சி. இருபது வருடமாகப் பார்க்கிறேன்.

#3 மணிக்கூண்டு

ஒரு சந்தேகம். அமைச்சர் பதில் சொல்லவில்லை என்றால் அது விதிமீறல் இல்லையா? அவையில் கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன்.

#4 பதிவேடு

வயலோரம் தம்பி, உங்கள் பதிவைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் ஒரு மக்களவை உறுப்பினரிடம் ஆறு வருடம் வேலை பார்த்தவள். அவரும் எதிர்க்கட்சி வரிசைதான். கேள்விகள் தயார் செய்வது என் வேலை. கட்சி, பெயர் எதுவும் வேண்டாம், அது இங்கே முக்கியம் இல்லை.

மணிக்கூண்டு கேட்டதிலிருந்து தொடங்குகிறேன். நேரமில்லா நேரத்தில் பேசியதற்கு அமைச்சர் பதில் சொல்லக் கட்டாயம் இல்லை. மக்களவை விதிப் புத்தகத்தில் அந்தப் பெயரே கிடையாது, வழக்கத்தில் வந்தது. கேள்வி நேரம் முடிந்து அடுத்த அலுவல் தொடங்குவதற்குள் அவசர விஷயங்களை எழுப்பிக்கொள்ள ஒரு வாய்ப்பு, அவ்வளவுதான். அமைச்சர் விரும்பினால் எழுந்து சொல்லலாம். பெரும்பாலும் சொல்வதில்லை. உங்கள் எம்.பி. பேசியது வீண் என்று சொல்ல மாட்டேன், பேச்சு அவைக்குறிப்பில் ஏறிவிட்டது. ஆனால் பதில் வாங்க வேண்டுமென்றால் தட்ட வேண்டிய கதவு வேறு.

அடுத்தது விதி 377. 250 வார்த்தைக்குள் ஒரு விஷயத்தை எழுதிக் கொடுத்துப் படிக்கலாம் அல்லது அவையில் வைக்கலாம். இதற்குச் சம்பந்தப்பட்ட அமைச்சகத்திலிருந்து உறுப்பினருக்கு எழுத்தில் பதில் வரும். பத்திரிகையில் வராது, வீடியோவும் பரவாது. ஆனால் கையில் ஒரு தாள் இருக்கும்.

அதைவிடப் பலமானது எழுத்துக் கேள்வி. மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்வி 20, குறியிடாத கேள்வி 230. குறியிட்டவற்றுக்கு அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்வார், துணைக் கேள்வி கேட்கலாம். ஒரு மணி நேரத்தில் ஐந்தாறு கேள்வி தாண்டினாலே பெரிது. குறியிடாத 230-க்கும் எழுத்தில் பதில் வந்தாக வேண்டும். குறைந்தது 15 நாள் முன்பே நோட்டீஸ் கொடுக்க வேண்டும், வரிசையைக் குலுக்கல் முடிவு செய்யும்.

செம்மண் சார், இந்த இடத்தைக் கவனியுங்கள். குலுக்கலில் கட்சி கிடையாது. ஒரே ஒரு உறுப்பினர் உள்ள கட்சிக்காரர் பெயரும் மேலே வரலாம். அமைச்சர் அறைக்குள் போக முடியாத ஒருவருடைய கேள்விக்கு அமைச்சகம் முழுக்க உட்கார்ந்து பதில் தயாரிக்கிறது. அதை நான் ஆறு வருடம் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

#5 செம்மண்

பதில் வரும் அக்கா, சரி. என்ன பதில் வரும்? "இது மாநிலப் பொருள்." "விவரம் திரட்டப்படுகிறது." "அரசு உரிய நடவடிக்கை எடுத்து வருகிறது." இதை வைத்து அந்தப் பாட்டி என்ன செய்வார்?

2020 செப்டம்பரில், ஊரடங்கில் நடந்தே ஊர் போய் இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று கேட்டார்கள். அப்படி ஒரு தரவே இல்லை என்று தொழிலாளர் அமைச்சகம் எழுதிக் கொடுத்தது. சாலையில் விழுந்து செத்தவர்களை நாடே பார்த்தது. அரசிடம் கணக்கு இல்லை. இதுதான் உங்கள் எழுத்துப் பதில்.

#6 பதிவேடு

அந்தப் பதிலை நான் மறக்கவே மாட்டேன். ஆனால் ஒன்று யோசியுங்கள். கேள்வி கேட்டதால்தானே "தரவு இல்லை" என்று அரசே கையெழுத்துப் போட்டுச் சொல்ல வேண்டி வந்தது? யாரும் கேட்காமல் இருந்திருந்தால் கணக்கு எடுக்கவில்லை என்பதே நமக்குத் தெரிந்திருக்காது. மறுநாள் நாடு முழுக்க அதுதான் பேச்சு. அந்தக் கூட்டத்தொடரில் கேள்வி நேரத்தையே ரத்து செய்திருந்தார்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள். துணைக் கேள்வி கேட்க வழியே இல்லை. எழுத்துப் பதில் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது, அதுவே அவ்வளவு வேலை செய்தது.

அப்புறம் "விவரம் திரட்டப்படுகிறது" என்று சொன்னீர்களே, அதுதான் எங்களுக்குப் பிடித்த பதில். "விவரம் திரட்டி அவையில் வைக்கப்படும்", "பரிசீலனையில் உள்ளது" என்று அமைச்சர் சொன்னால் அது உறுதிமொழிக் கணக்கில் சேரும். அதற்கென்றே மக்களவையில் அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது, 1953-லிருந்து. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பது கணக்கு. முடியவில்லை என்றால் அமைச்சகம் நீட்டிப்புக் கேட்டுக் குழுவுக்கு எழுத வேண்டும். வருடக்கணக்கில் இழுக்கிற உறுதிமொழிகளும் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் கோப்பு மூடப்படாமல் உயிரோடு இருக்கும். துறை அதிகாரியைக் கூப்பிட்டு வைத்துக் கேட்கிற அதிகாரம் குழுவுக்கு உண்டு.

நாங்கள் கேள்வி எழுதும்போதே, எந்தப் பிரிவுக்கு "பரிசீலனையில் உள்ளது" என்று பதில் வரும் என்று யோசித்து எழுதுவோம்.

#7 உப்புக்காற்று

ராமேஸ்வரம் பக்கத்து ஆள் நான். இந்தப் பேச்சில் எங்கள் கதையும் வர வேண்டும்.

1974 ஜூனில் கச்சத்தீவு ஒப்பந்தம் கையெழுத்தானது. ஜூலை 23-ம் தேதி வெளியுறவு அமைச்சர் சுவரண் சிங் மக்களவையில் அறிக்கை வைத்தார். அப்போது ராமநாதபுரம் எம்.பி. மூக்கையா தேவர், பார்வர்டு பிளாக். அந்தத் தீவு என் தொகுதியில் இருக்கிறது, என் மக்கள் அங்கே வலை காயப்போடுகிறார்கள், அந்தோனியார் திருவிழாவுக்குப் போகிறார்கள் என்ற நிலையில், தொகுதி உறுப்பினரை ஒரு வார்த்தை கேட்காமல் கொடுத்துவிட்டார்கள். அவர் எழுந்து எதிர்த்தார். திமுகவின் இரா. செழியனும் கடுமையாக எதிர்த்தார். அமைச்சர் அறிக்கை படிக்கும்போது அதன்மேல் கேள்வி கேட்க விதி இடம் தராது. எதிர்ப்பைச் சொல்லிவிட்டு வெளிநடப்புதான் செய்ய முடிந்தது.

தீவு போய்விட்டது. 1976-ல் கடல் எல்லை பற்றி இன்னொரு உடன்பாடும் வந்தது. அதற்குப் பிறகு எங்கள் கடலில் எத்தனை படகு பிடிபட்டது, எத்தனை பேர் சிறையில் இருந்தார்கள் என்று எங்கள் வீட்டுப் பெண்களைக் கேளுங்கள். என் பெரியப்பா இரண்டு தடவை அங்கே உள்ளே இருந்திருக்கிறார். எங்கள் தொகுதிக்கு யார் எம்.பி.யாக வந்தாலும் நாடாளுமன்றத்தில் மீனவர் பிரச்சினையைப் பேசாமல் இருந்ததில்லை. ஐம்பது வருடமாகப் பேசுகிறார்கள்.

செம்மண் அண்ணன் கோபம் எனக்கும் உண்டு. ஆனாலும் 1974-ல் அந்த எதிர்ப்பு அவைக்குறிப்பில் ஏறாமல் போயிருந்தால், "உங்கள் தொகுதிக்காரரே அன்று சும்மாதானே இருந்தார்" என்று இன்று எங்களைப் பார்த்துக் கேட்பார்கள். இன்றைக்கு யார் கச்சத்தீவைப் பற்றிப் பேசினாலும் அந்த நாளின் அவைக்குறிப்பைத்தான் எடுக்கிறார்கள். எங்களிடம் இருக்கிற பத்திரம் அது ஒன்றுதான்.

#8 மணிக்கூண்டு

இது எனக்குத் தெரியாது அண்ணா. நன்றி.

#9 தாழ்வாரம்

கல்லூரியில் அரசியல் பாடம் எடுப்பவன் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். பட்ஜெட் கூட்டத்தொடரில் மானியக் கோரிக்கை, அதாவது ஒவ்வொரு அமைச்சகமும் தன் செலவுக்கு அவையிடம் பணம் கேட்பது, வரும்போது வெட்டுத் தீர்மானம் கொடுக்கலாம். அதில் மூன்று வகை. கொள்கையையே எதிர்ப்பதானால், ஒதுக்கீட்டை ஒரு ரூபாயாகக் குறை என்று கேட்பது. செலவைக் குறைக்க வேண்டுமானால், குறிப்பிட்ட தொகையைக் குறை என்பது. மூன்றாவதுதான் நமக்கு வேண்டியது: ஒதுக்கீட்டில் 100 ரூபாயைக் குறை என்று கேட்பது. குறிப்பிட்ட ஒரு குறையை வெளிப்படுத்துவதற்கு என்றே விதியில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

பல லட்சம் கோடி ரூபாய் பட்ஜெட்டில் 100 ரூபாய். அது நிறைவேறாது என்று கொடுப்பவருக்கும் தெரியும். ஆனால் "இன்ன மாவட்டத்தில் கிராமக் கிளைகள் மூடப்பட்டதால் மக்கள் படும் சிரமத்தைக் களையத் தவறியது" என்று காரணம் எழுதி அச்சான தாள் அவை உறுப்பினர்கள் கைக்கு வரும். குறையைக் கேட்ட பிறகுதான் பணம் என்பது நாடாளுமன்ற முறையின் வேரிலேயே உள்ள யோசனை. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

ஆனால் இதற்கு அவை நடக்க வேண்டும். 2018 மார்ச் 14 நினைவிருக்கிறதா? 24 லட்சம் கோடிக்கு மேற்பட்ட பட்ஜெட், எல்லா அமைச்சகங்களின் மானியக் கோரிக்கையும், விவாதமே இல்லாமல் அரை மணி நேரத்தில் நிறைவேறியது. வெட்டுத் தீர்மானங்கள் அத்தனையும் அப்படியே கரைந்தன. அவை முழுக்கக் கோஷம். அந்த அமளியில் நம் மாநில உறுப்பினர்களும் இருந்தார்கள். நம்மவர்கள் என்பதால் இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

#10 உப்புக்காற்று

சார், அன்று அதிமுக உறுப்பினர்கள் எதற்காக நின்றார்கள்? காவிரி மேலாண்மை வாரியத்துக்காக. டெல்டாவில் தண்ணீர் இல்லாமல் பயிர் காய்ந்தபோது, பதாகையைப் பிடித்து அவை நடுவே நிற்பதுதான் அந்தத் தொகுதிகளின் குரல். முறையாகக் கேட்டு முறையாகக் காத்திருந்தால் யார் திரும்பிப் பார்த்தார்கள்? ஜூனில் ஆணையம் வந்ததா இல்லையா?

#11 தாழ்வாரம்

ஆணையம் வந்தது. பிப்ரவரி 16-ம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து, மத்திய அரசு தாமதித்து, மறுபடி நீதிமன்றத்தில் கேட்டு, அதன் பிறகு ஜூனில் அமைத்தார்கள். அமளியால் வந்தது என்று என்னால் சொல்ல முடியாது தம்பி. தமிழ்நாடு இதில் எவ்வளவு உறுதியாக நிற்கிறது என்று டெல்லிக்குத் தெரிந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

என் வருத்தம் வேறு. அந்த வாரங்களில் டெல்டா உறுப்பினர் ஒருவர்கூட விவசாய அமைச்சகத்தின் ஒதுக்கீட்டைப் பிரித்துப் பேச முடியவில்லை. பயிர்க் காப்பீடு, உரம், கொள்முதல் எல்லாம் அதில்தான் வருகிறது.

#12 செம்மண்

இந்த இடத்தில் நான் எதிர்க்கட்சிப் பக்கம் நிற்பேன், ஆச்சரியமாக இருந்தாலும். அவையை நடத்துவது யார் பொறுப்பு? ஒரு விஷயத்தை விவாதிக்க வேண்டும் என்று நோட்டீஸ் மேல் நோட்டீஸ் கொடுத்து, ஒவ்வொன்றும் நிராகரிக்கப்பட்டால் அப்புறம் என்ன செய்வார்கள்? 2023 டிசம்பரில், நாடாளுமன்றத்துக்குள் புகைக்குப்பி வீசியது பற்றி உள்துறை அமைச்சர் அறிக்கை வைக்கட்டும் என்று கேட்டார்கள். இரண்டு அவையிலும் சேர்த்து 146 பேர் இடைநீக்கம். தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள் அதில் நிறையப் பேர்.

#13 பதிவேடு

அந்த நாட்களை நினைத்தால் இன்னும் வயிற்றைக் கலக்குகிறது. வெளியே பலருக்குத் தெரியாத ஒன்று: உறுப்பினரை இடைநீக்கம் செய்தால், அவர் ஏற்கெனவே கொடுத்துப் பட்டியலில் ஏறிய கேள்விகளையும் எடுத்துவிடுகிறார்கள். அந்த டிசம்பரில் அப்படி நிறையக் கேள்விகள் பட்டியலிலிருந்து நீங்கின. பதினைந்து நாள் முன்பு ஒரு ஊர்க்காரர் மனுவை வைத்து எழுதிய கேள்வி, குலுக்கலில் தப்பிப் பிழைத்து வந்த கேள்வி, உறுப்பினர் பதாகை பிடித்ததற்காகப் போய்விட்டது. தண்டனை உறுப்பினருக்கு என்கிறார்கள். பதில் கிடைக்காமல் போனது அந்த ஊருக்கு.

இது மாற வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். கேள்வி உறுப்பினர் பெயரில் இருந்தாலும் அது தொகுதி மக்களுடைய சொத்து. அவரை வெளியே அனுப்புங்கள், பதிலை மேசையில் வையுங்கள்.

இதை உறுப்பினர்களும் யோசிக்க வேண்டும். நான் வேலை பார்த்தவர் தன் கேள்வி பட்டியலில் இருக்கும் நாளில் கேள்வி நேரம் முடியும்வரை இருக்கையை விட்டு எழ மாட்டார். கட்சியிலிருந்து எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். கோஷம் 12 மணிக்கு மேல் போடுகிறேன் என்பார். அதற்காகக் கட்சிக் கூட்டத்தில் ஏச்சும் வாங்கியிருக்கிறார்.

#14 மணிக்கூண்டு

அக்கா, எதிர்க்கட்சி உறுப்பினர் முயற்சி எடுத்துச் சட்டமே வந்த கதை உண்டா?

#15 தாழ்வாரம்

நேரடியாக என்றால் மிகக் குறைவு. சுதந்திரத்துக்குப் பிறகு தனிநபர் மசோதா (அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவருவது) 14-தான் சட்டமாகியிருக்கிறது, கடைசியாக ஆனது 1970-ல். ஆனால் நம் ஆள் ஒருவர் செய்ததைச் சொல்ல வேண்டும். திருச்சி சிவா மாநிலங்களவையில் திருநர் உரிமைக்காகக் கொண்டுவந்த மசோதா 2015 ஏப்ரல் 24-ம் தேதி நிறைவேறியது. வெள்ளிக்கிழமை பிற்பகல், தனிநபர் மசோதாவுக்கான நேரம். திரும்பப் பெற்றுக்கொள்ளச் சொல்லி அரசுத் தரப்பு கேட்டது, அவர் மறுத்துவிட்டார். அவை ஒருமனதாக ஏற்றது. 45 வருடத்துக்குப் பிறகு ஒரு அவையில் அப்படி நடந்தது.

மக்களவையில் அது சட்டமாகவில்லை. அரசு தன் மசோதாவைக் கொண்டுவந்து 2019-ல் சட்டமாக்கியது. அந்தச் சட்டத்தில் சிவாவின் மசோதாவில் இருந்த பல நல்ல அம்சங்கள் இல்லை என்று திருநர் அமைப்புகள் போராடின. ஆனாலும் அந்த வெள்ளிக்கிழமை நடக்காமல் 2019 வந்திருக்காது என்பது என் கணிப்பு.

#16 வயலோரம்

எல்லாவற்றையும் படித்தேன். பதிவேடு அக்கா, எங்கள் ஊர் வங்கிக்கு எழுத்துக் கேள்வி எப்படிக் கேட்பது? எம்.பி. அலுவலகத்தில் கேட்டேன். நீங்களே எழுதிக் கொண்டுவாருங்கள், பார்க்கிறோம் என்றார்கள். நல்ல பையன்கள், ஆனால் மூன்று பேர்தான் இருக்கிறார்கள். ஆறு சட்டமன்றத் தொகுதிக்கும் அவர்கள்தான். ராத்திரி உட்கார்ந்து இப்படி எழுதினேன்:

"எங்கள் ஊரில் பல வருடமாக இயங்கிய வங்கிக் கிளையை மக்கள் மீது அக்கறை இல்லாமல் மூடியது ஏன்? ஏழைப் பாட்டிகளின் கண்ணீர் அரசுக்குத் தெரியவில்லையா? கிளையை உடனே திறப்பீர்களா?"

#17 பதிவேடு

தம்பி, இதில் உங்கள் மனசு இருக்கிறது. ஆனால் கேள்விப் பிரிவில் இது முதல் நாளே நின்றுவிடும். விதி 41-ஐப் பாருங்கள். கேள்வியில் வாதம் இருக்கக் கூடாது, குற்றச்சாட்டு இருக்கக் கூடாது, அடைமொழி கூடாது, கருத்தும் கேட்கக் கூடாது. 150 வார்த்தையைத் தாண்டக் கூடாது. அப்புறம் ஒரே ஒரு கிளையைப் பற்றி மட்டும் கேட்டால் வங்கியின் அன்றாட நிர்வாகம் என்று தள்ளிவிடுவார்கள். மாவட்டமாக விரித்துக் கேளுங்கள். உங்கள் ஊர் அதற்குள் வந்துவிடும்.

அடுத்ததைக் கவனமாகப் படியுங்கள், இங்கேதான் பலர் ஏமாறுவார்கள். நிதி அமைச்சகத்திடம் பொதுவாகக் கேட்டால், கிட்டத்தட்ட எல்லாக் கிராமத்துக்கும் 5 கிலோமீட்டருக்குள் வங்கிச் சேவை இருக்கிறது என்று பதில் வரும். அந்தக் கணக்கில் கிளையும் சேரும், கைரேகை மிஷினோடு வருகிற முகவரும் சேருவார். ஆகவே கிளை தனியாக, முகவர் தனியாக என்று பிரித்துக் கேட்க வேண்டும்.

ஒன்று சொல்லுங்கள். உங்கள் ஊருக்கு அந்த முகவர் வாரம் எத்தனை நாள் வருகிறார்?

#18 வயலோரம்

செவ்வாய், வெள்ளி. பத்து மணிக்கு வந்து பன்னிரண்டரைக்குப் போய்விடுவார். சிக்னல் இல்லாத நாளில் அதுவும் இல்லை.

#19 பதிவேடு

அப்படியானால் உங்களிடம் பலமான விஷயம் இருக்கிறது. முகவர் இருக்கும் இடத்தை "வங்கிச் சேவை மையம்" என்று கணக்கில் காட்ட வேண்டுமானால் நாளைக்கு 4 மணி நேரமாவது, வாரத்தில் 5 நாளாவது திறந்திருக்க வேண்டும். 2017 மே மாதம் ரிசர்வ் வங்கி போட்ட விதி. உங்கள் முகவர் வாரத்துக்கு ஐந்து மணி நேரம்தான் இருக்கிறார். அவரை முழுநேர மையமாகக் கணக்கில் காட்டக் கூடாது.

இன்னொன்று. கிராமக் கிளையை மூடவோ வேறு கிளையோடு இணைக்கவோ மாவட்ட ஆலோசனைக் குழுவின் ஒப்புதல் வேண்டும் என்றும் அதே விதிகளில் இருக்கிறது. ஆட்சியர் தலைமையில் நடக்கிற குழு. உங்கள் கிளைக்கு அந்த ஒப்புதல் வாங்கினார்களா என்பதையும் கேள்வியில் வையுங்கள்.

#20 செம்மண்

அக்கா, இது எனக்குப் புதிது. முகவரைச் சேர்த்துக் கணக்குக் காட்டுகிறார்கள் என்று தெரியாமல் இத்தனை நாள் அந்தப் பதில்களைப் படித்துவிட்டுக் கோபப்பட்டுக்கொண்டு மட்டும் இருந்திருக்கிறேன்.

பெரிய நம்பிக்கை வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் பகுதியிலும் இரண்டு கிளை போயிருக்கிறது. எங்கள் எம்.பி.யும் எதிர்க்கட்சிதான். இதே கேள்வியை எங்கள் மாவட்டத்துக்கும் கொடுக்கலாமா?

#21 பதிவேடு

தாராளமாகக் கொடுங்கள் சார். ஒரே விஷயத்தைப் பல உறுப்பினர்கள் கேட்டால் பெயர்களைச் சேர்த்து ஒரே கேள்வியாகவும் போடுவார்கள். குலுக்கலில் ஒருவர் பெயர் தவறினால் இன்னொருவர் பெயர் வரும். வாரத்தில் ஒவ்வொரு அமைச்சகத்துக்கும் பதில் நாள் உண்டு. நிதிக்கு எந்தக் கிழமை என்று கூட்டத்தொடர் அறிவிப்பில் பார்த்து, அதற்கு 15 நாள் முன்னால் கொடுங்கள்.

#22 தாழ்வாரம்

முடிந்தால் மாநிலங்களவை உறுப்பினர் ஒருவரிடமும் கொடுங்கள். அங்கே தனிக் குலுக்கல்.

#23 வயலோரம்

நேற்று ராத்திரி மறுபடி எழுதினேன். அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பாட்டிகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்று கேட்டார். எல்லா வரியும் அவர்களைப் பற்றித்தான் என்றேன். பார்த்துச் சொல்லுங்கள் அக்கா.

"நிதி அமைச்சர் கீழ்க்கண்டவற்றைத் தெரிவிப்பாரா:

(அ) கடந்த ஐந்தாண்டுகளில் இந்த மாவட்டத்தின் கிராமப்புறங்களில் மூடப்பட்ட அல்லது வேறு கிளையுடன் இணைக்கப்பட்ட பொதுத்துறை வங்கிக் கிளைகள் எத்தனை, ஆண்டுவாரியாக;

(ஆ) அவற்றில் மாவட்ட ஆலோசனைக் குழுவின் ஒப்புதல் பெறப்பட்டவை எத்தனை, ஒப்புதல் பெற்ற தேதிகள் யாவை;

(இ) கிளை மூடப்பட்ட ஊர்களில் தற்போது முகவர் மட்டுமே உள்ள ஊர்கள் எத்தனை, அவற்றில் வாரத்தில் 5 நாள், நாளொன்றுக்கு 4 மணி நேரம் சேவை நடப்பவை எத்தனை;

(ஈ) அந்த ஊர்களில் கைரேகை பொருந்தாமல் தோல்வியடைந்த பணப் பரிவர்த்தனைகள் எத்தனை, அத்தகைய முதியோருக்கு மாற்று ஏற்பாடு என்ன;

(உ) இந்த ஊர்களில் கிளைகளை மீண்டும் திறக்கும் திட்டம் உள்ளதா, உள்ளதெனில் அதன் விவரம்?"

#24 பதிவேடு

(ஈ) பிரிவை இரண்டாகப் பிரிக்காதீர்கள், அப்படியே இருக்கட்டும். (உ) பிரிவுக்கு "பரிசீலனையில் உள்ளது" என்று வந்தால் உடனே எனக்குச் சொல்லுங்கள். அதை உறுதிமொழியாகச் சேர்க்கச் சொல்லிக் குழுவுக்கு எழுத வேண்டும். கடிதம் நான் எழுதித் தருகிறேன்.

முகவர் வரும் தேதி, வந்த நேரம், போன நேரம், கைரேகை எடுக்காமல் திரும்பியவர்கள் எத்தனை பேர் என்று இன்றிலிருந்தே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அமைச்சகம் ஒரு கணக்குச் சொல்லும்போது உங்கள் எம்.பி. கையில் ஊர்க் கணக்கு இருக்க வேண்டும். நோட்டை யாராவது தினம் எழுத முடியுமா?

#25 வயலோரம்

அம்மா எழுதுகிறேன் என்கிறார். வெள்ளிக்கிழமை முகவர் வரும்போது தொடங்குகிறோம். திங்கட்கிழமை காலைப் பஸ்ஸில் எம்.பி. அலுவலகத்துக்குப் போகிறேன்.